எலைட் கோல்டுக்கு இன்னும் 8,000 மைல்: துரத்தலாமா, விட்டுவிடலாமா?

பறக்கும் பொறியாளன் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். சிங்கப்பூரில் இயந்திரப் பராமரிப்பு நிறுவனம் ஒன்றில் பணிபுரிகிறேன். இந்த ஆண்டு மார்ச் நடுவிலும் ஜூனிலும் அக்டோபரிலும் வேலை நிமித்தமாகச் சிங்கப்பூர் ஏர்லைன்ஸில் பிராங்க்ஃபர்ட் போய்வந்தேன். அலுவலகம் வாங்கித் தந்த எகானமிச் சீட்டுகள் பறந்த தூரம் முழுவதற்கும் மைல் தருபவை என்பதால், ஒருமுறை போய்வர, உறுப்பினர் தகுதிக்காக எண்ணப்படும் எலைட் மைல் ஏறத்தாழ 12,780 கிடைத்தது. மே மாதமும் ஆகஸ்டு மாதமும் சொந்தச் செலவில் சென்னைக்குச் சென்றேன். அவை இருப்பதிலேயே மலிவான சீட்டுகள். தூரத்தில் பாதிதான் கணக்கில் ஏறியது, ஒரு பயணத்துக்கு ஏறத்தாழ 1,800. எல்லாம் சேர்த்து, அந்த நிறுவனத்தின் பயணியர் சலுகைத் திட்டமான கிரிஸ்ஃபிளையரில் என் கணக்கில் இப்போது சுமார் 41,940 எலைட் மைல் இருக்கிறது. அதன் உயர்தகுதியான எலைட் கோல்டுக்கு 50,000 வேண்டும்.

நவம்பர் பாதி கடந்துவிட்டது. பொங்கலுக்கு ஊருக்குப் போகச் சீட்டு எடுத்திருக்கிறேன், ஆனால் அது ஜனவரியில் வருகிறது. டிசம்பர் 31க்குள் எட்டாயிரம் மைல் சேர்க்க வேண்டுமென்றால், எந்த வேலையும் இல்லாத ஓர் ஊருக்குப் பறந்து, அடுத்த விமானத்திலேயே திரும்ப வேண்டியதுதான். இதைச் சொன்னதும் என் மனைவி சிரித்த சிரிப்பு இன்னும் நிற்கவில்லை. அப்படிச் செய்வதில் பொருள் உண்டா என்பது என் முதல் கேள்வி. மனைவியும் இரண்டு பிள்ளைகளுமாக நால்வர் பயணம் செய்யும் எங்களைப் போன்ற குடும்பத்துக்கு அந்தக் கோல்டு உண்மையில் எவ்வளவு பயன்படும் என்பது இரண்டாவது.

கணக்குப்பிள்ளை எழுதியது:

நண்பரே, கேள்வியின் அடிப்படையிலேயே ஒரு பிழை இருக்கிறது. நல்லவேளையாக அது உங்களுக்குச் சாதகமான பிழை. கிரிஸ்ஃபிளையரில் முதன்முறையாகத் தகுதி பெறுபவருக்கு ஜனவரி முதல் டிசம்பர் வரை என்ற கணக்கே கிடையாது. தொடர்ச்சியான எந்தப் பன்னிரண்டு மாதத்திலும் 50,000 சேர்ந்தால் போதும். 25,000 சேர்ந்தபோதே உங்களுக்குக் கோல்டுக்கு அடுத்த கீழ்நிலையான எலைட் சில்வர் வந்திருக்கும், மின்னஞ்சலைத் தேடிப் பாருங்கள். சில்வர் வந்துவிட்ட பிறகு உங்கள் உறுப்பினர் ஆண்டு எந்தத் தேதியில் முடிகிறது என்பதையும் செயலியில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். அமெரிக்க விமான நிறுவனங்கள் பல நாட்காட்டி ஆண்டைப் பின்பற்றுவதால் நம்மவர்களும் எல்லாத் திட்டங்களுக்கும் டிசம்பர் 31தான் கெடு என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

ஆகவே உங்களைப் பொறுத்தவரை கவனிக்க வேண்டிய நாள் மார்ச் நடுப்பகுதி. அன்று உங்கள் முதல் பிராங்க்ஃபர்ட் பயணம் பன்னிரண்டு மாதச் சாளரத்திலிருந்து வெளியே விழும். அதோடு 12,780 மைலும் போய்விடும். அதுவரை பறப்பவை யாவும் கணக்கில் சேரும், பொங்கல் பயணம் உட்பட.

இப்போது கூட்டிப் பார்ப்போம். பொங்கல் சீட்டும் பாதி மைல் தருவதே என்றால் 43,740 வரை போவீர்கள்; இன்னும் 6,260 வேண்டும். தோக்கியோவுக்கு முழு மைல் தரும் கட்டணத்தில் ஒருமுறை போய்வந்தால் ஏறத்தாழ 6,600 கிடைக்கும், கதை முடிந்தது. பொங்கல் சீட்டையே முழு மைல் தரும் கட்டணப் பிரிவுக்கு மாற்றிக்கொண்டால் 45,540 ஆகும். அப்போது குறை 4,460 மட்டுமே. பெர்த் போய்வர 4,860 மைல் என்பதால் அதுவே போதும். மாறாக, மலிவுச் சீட்டில் சென்னைக்குப் போய்வந்தே குறையை நிரப்புவேன் என்றால், பொங்கலுக்குப் பிறகு இன்னும் நான்கு முறை போக வேண்டியிருக்கும். மலிவுச் சீட்டால் பணம் மிச்சமாகும், தகுதி மிச்சமாகாது.

ஒன்றைச் சொல்லாமல் விடக்கூடாது. செயலியில் கிரிஸ்ஃபிளையர் மைல் என்றும் எலைட் மைல் என்றும் இரண்டு எண்கள் தெரியும். முன்னது செலவழிக்கும் காசு, பின்னது மதிப்பெண். கடன் அட்டையிலிருந்து மாற்றிய மைல்கள் முன்னதில்தான் சேரும். பின்னதை அவை தொடுவதே இல்லை. மைலைக் கொடுத்து வாங்கிய சீட்டில் பறந்தாலும் எலைட் மைல் வராது. இரண்டையும் குழப்பிக்கொண்டு, “எண்பதாயிரம் வைத்திருக்கிறேன், ஏன் கோல்டு தரவில்லை?” என்று என்னிடம் கோபித்துக்கொண்டவர்கள் உண்டு.

தஞ்சாவூர்க்காரி எழுதியது:

கணக்கைக் கணக்குப்பிள்ளை பார்த்துவிட்டார். பயன் என்ன என்பதை நான் சொல்கிறேன். நான்கு ஆண்டுகள் எலைட் கோல்டு வைத்திருந்தேன். வேலை மாறியது, பயணம் குறைந்தது, அதுவும் போய்விட்டது. அதற்காக நான் வருந்துவது ஒரே ஒரு காரணத்துக்காக: இருபது கிலோ.

எலைட் கோல்டு என்பது, பல விமான நிறுவனங்கள் சேர்ந்த கூட்டணியான ஸ்டார் அலையன்ஸின் கோல்டும் ஆகும். எடைக் கணக்கில் லக்கேஜ் ஏற்றும் தடங்களில் அதற்கு 20 கிலோ கூடுதலாகத் தருவார்கள். பெட்டிக் கணக்கு நடக்கும் தடங்களில் ஒரு பெட்டி கூடுதல். சென்னைத் தடத்தில் எடைக் கணக்குதான். மலிவான எகானமிச் சீட்டுக்கு 25 கிலோ என்றால், கோல்டு இருந்தால் 45. தீபாவளிக்குப் போகும்போது இங்கிருந்து கொண்டுபோவதற்கு எனக்கு அவ்வளவு தேவைப்பட்டதில்லை. திரும்பும்போது மாமியார் கட்டித்தரும் வடகம், ஊறுகாய், இடித்த மிளகாய்த்தூள், அரிசி மாவு ஆகியவற்றுக்கு 45 கிலோவும் போதவில்லை. ஒரே பெட்டியில் 32 கிலோவுக்கு மேல் அடைத்தால் வாங்க மாட்டார்கள் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி லவுஞ்ச். உங்கள் குடும்பத்தில் நால்வர் என்கிறீர்கள். ஸ்டார் அலையன்ஸ் விதிப்படி கோல்டு உறுப்பினர் தம்முடன் ஒரே ஒருவரை அழைத்துச் செல்லலாம். பிள்ளைகளும் ஆள் கணக்கில் சேர்வார்கள். எனவே நீங்களும் ஒரு பிள்ளையும் உள்ளே நூடுல்ஸ் சாப்பிட, உங்கள் மனைவியும் மற்றொரு பிள்ளையும் வெளியே கம்பள விரிப்பில் உட்கார்ந்திருக்கும் காட்சியைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். நாங்கள் ஒருமுறைகூடக் குடும்பமாக உள்ளே போனதில்லை. தனியாக வேலைக்குப் போகும்போது பயன்பட்டது, அதை மறுக்க மாட்டேன். சாங்கியில் எலைட் கோல்டுக்கு உரியது கிரிஸ்ஃபிளையர் கோல்டு லவுஞ்ச் மட்டுமே. பிசினஸ் வகுப்புக்கும், கோல்டுக்கும் மேல்நிலையான பி.பி.எஸ். கிளப்புக்கும் உரிய சில்வர்கிரிஸ் லவுஞ்சில் எகானமிச் சீட்டோடு நம்மை விட மாட்டார்கள். பி.பி.எஸ். வேறு உலகம், அங்கே மைலை எண்ணுவதில்லை, உயர் வகுப்புக் கட்டணமாகச் செலவிட்ட டாலரை எண்ணுகிறார்கள், ஓராண்டில் 25,000 மதிப்பு சேர வேண்டும்.

செக்-இன் வரிசை குறைவது உண்மை. பெட்டிக்கு முன்னுரிமைச் சீட்டு கட்டுவார்கள். அது முதலில் வெளிவந்த நாளும் உண்டு, கடைசியாக வந்த நாளும் உண்டு. குடிநுழைவு வரிசையில் கோல்டும் ஒன்றுதான், சாதாரணமும் ஒன்றுதான். எகானமியிலிருந்து பிசினஸுக்கு இலவசமாக மாற்றுவார்கள் என்ற கனவு இருந்தால் இப்போதே கலைத்துவிடுங்கள்: அமெரிக்க நிறுவனங்கள் தங்கள் உள்நாட்டு விமானங்களில் அப்படி ஒரு வழக்கம் வைத்திருக்கின்றன, சிங்கப்பூரில் அது கிடையாது.

கடைசியாக, உங்கள் ஊர் எது என்று நீங்கள் சொல்லவில்லை. என் ஊர் தஞ்சாவூர். சிங்கப்பூரிலிருந்து திருச்சிக்கு ஸ்கூட்டில் நேராகப் போனால், இறங்கி ஒன்றரை மணி நேரத்தில் வீட்டில் இருப்பேன். ஆனால் ஸ்கூட் ஸ்டார் அலையன்ஸ் உறுப்பினர் அல்ல. ஆகவே கூட்டணியின் லவுஞ்ச் உரிமையும் அந்த இருபது கிலோவும் அங்கே செல்லுபடியாகா. கோல்டைப் பயன்படுத்துவதற்காகவே இரண்டு ஆண்டுகள் சென்னையில் இறங்கி, இரவு ரயிலில் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு போனேன். அது எவ்வளவு பெரிய அசட்டுத்தனம் என்று கோல்டு போன பிறகுதான் புரிந்தது.

லண்டன்வாசி எழுதியது:

தஞ்சாவூர்க்காரி சொன்ன கடைசிச் செய்தி எனக்கும் நடந்தது, வேறு வடிவத்தில். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கூட்டணித் தகுதிக்குச் சிறிது குறைவாக இருந்தபோது, மலிவாகக் கிடைத்தது என்று ஒரு பங்காளி நிறுவனத்தின் சீட்டை வாங்கி வார இறுதியில் பறந்துவிட்டு வந்தேன். நிறுவனத்தின் பெயர் வேண்டாம், தவறு என்னுடையது. பங்காளி விமானத்தில் பறந்தால் எத்தனை விழுக்காடு மைல் என்பது சீட்டில் அச்சாகும் ஓர் ஆங்கில எழுத்தைப் பொறுத்தது. என் சீட்டில் இருந்த எழுத்துக்குச் சுழியம். பதினான்கு மணி நேரம் பறந்து, ஒரு மைலும் இல்லாமல் வீடு திரும்பினேன். ஆகவே கூடுதல் பயணம் போவதென்று முடிவெடுத்தால், பணம் கட்டுவதற்கு முன் அந்த எழுத்தையும் அதற்குரிய விழுக்காட்டையும் பார்த்துவிடுங்கள்.

ஆனால் என் கருத்து மற்ற இருவரிடமிருந்து சற்று மாறுபடுகிறது. தூரத்தை எண்ணித் தகுதி தரும் திட்டங்கள் அருகிவருகின்றன. கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது எடுத்துக்கொள்வது தவறில்லை என்பேன். அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 1981 மே மாதம் அட்வான்டேஜ் திட்டத்தைத் தொடங்கியபோது அடிப்படையாக இருந்தது பறந்த மைல்தான். இன்று அதே நிறுவனத்தில், அதன் கடன் அட்டையில் மளிகைச் சாமான் வாங்கினாலும் தகுதிக்கான புள்ளி சேர்கிறது. டெல்டா 2024 முதல் மைலையும் பயண எண்ணிக்கையையும் தூக்கி எறிந்துவிட்டு டாலர் கணக்கை மட்டும் பார்க்கிறது. எங்கள் ஊரில் பிரிட்டிஷ் ஏர்வேஸ் 2025 ஏப்ரல் முதல் தேதி அதே வழிக்கு வந்தது. அதற்கு முன் அதன் சில்வர் தகுதிக்கு 600 புள்ளிகள் வேண்டியிருந்தன. அவை தூரத்தையும் வகுப்பையும் பொறுத்தவை என்பதால், மலிவு விலையில் பிசினஸ் சீட்டு கிடைக்கும் தடங்களைத் தேடிப்பிடித்து, நான்கைந்து பயணங்களில் முடித்துவிடுபவர்கள் பலர் இருந்தார்கள். இப்போது 7,500 புள்ளிகள் வேண்டும். வரிகள் நீங்கலாகச் செலவிடும் ஒரு பவுனுக்கு ஒரு புள்ளி. ஆண்டுக்கொருமுறை சென்னைக்கு எகானமியில் போய்வரும் என்னைப் போன்றவருக்கு அது நிலாவைத் தொடுவது போன்றது.

எனவே நான் தோகா வழியாகப் போகத் தொடங்கிவிட்டேன். கத்தார் ஏர்வேஸில் பன்னிரண்டு மாதத்தில் கியூபாயிண்ட் எனும் தகுதிப் புள்ளி 300 சேர்ந்தால் கோல்டு. அது, பிரிட்டிஷ் ஏர்வேஸும் உள்ள ஒன்வேர்ல்டு கூட்டணியின் சஃபையர் நிலைக்குச் சமம் என்பதால், பழைய பிரிட்டிஷ் ஏர்வேஸ் சில்வர் எனக்குத் தந்த லவுஞ்ச் உரிமையே இதிலும் கிடைக்கிறது. எந்த நிறுவனத்தில் பறக்கிறோம் என்பதும், எந்த நிறுவனத்தின் திட்டத்தில் மைலைச் சேர்க்கிறோம் என்பதும் வேறு வேறு முடிவுகள். ஒரே கூட்டணிக்குள் இருக்கும் வரை இரண்டையும் பிரித்தே யோசிக்கலாம். பொறியாளன் அவர்களுக்கு இந்த ஆண்டு இது பொருந்தாது, 41,940 மைல் சேர்ந்த இடத்திலேயே மீதியையும் சேர்க்க வேண்டும். இனி பிராங்க்ஃபர்ட் பயணம் இருக்காது என்றால், அடுத்த ஆண்டுக்கு யோசித்துப் பாருங்கள்.

பறக்கும் பொறியாளன் எழுதியது:

மூவருக்கும் நன்றி. டிசம்பர் கெடு இல்லை என்று தெரிந்ததுமே பாதிப் பாரம் இறங்கிவிட்டது. செயலியைப் பார்த்தேன், சில்வர் ஜூனிலேயே வந்திருக்கிறது, நான்தான் கவனிக்கவில்லை. எங்கள் ஊர் காஞ்சிபுரம் என்பதால் சென்னையில் இறங்குவதுதான் எப்படியும் வசதி. தஞ்சாவூர்க்காரி அம்மா பட்ட ரயில் பாடு எனக்கு இல்லை.

பொங்கல் சீட்டில் என்னுடையதை மட்டும் முழு மைல் பிரிவுக்கு மாற்ற எவ்வளவு ஆகும் என்று விசாரித்தேன். குடும்பத்துக்கே ஒரு வேளை நல்ல விருந்து சாப்பிடும் தொகைதான், மாற்றிவிட்டேன். பிப்ரவரியில் தோக்கியோவில் எங்கள் இயந்திர உற்பத்தியாளர் நடத்தும் பயிற்சிக்கு யாராவது போக வேண்டும் என்று மேலாளர் நெடுநாளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார். குளிர் என்று அனைவரும் ஒதுங்கிக்கொண்டிருந்தோம். நான் போகிறேன் என்று நேற்று சொல்லிவிட்டேன். அவர் சந்தேகத்தோடு பார்த்தார். அனுமதி கிடைக்கவில்லை என்றால் பெர்த்துக்கெல்லாம் சொந்தக் காசில் போகப்போவதில்லை. நால்வரில் இருவர் மட்டும் நுழையக்கூடிய லவுஞ்சுக்காக அவ்வளவு செலவு செய்ய மனம் வரவில்லை. கிடைத்தால், ஓராண்டுக்கு வரும் கோல்டு அடுத்த பொங்கல் வரை செல்லும் என்பதால், அம்மா கொடுக்கும் இட்லி அரிசி மூட்டையை அந்த முறை மறுக்க மாட்டேன்.

கணக்குப்பிள்ளை எழுதியது:

நல்ல முடிவு. இன்னும் ஒரு சிறு வேலை பாக்கி. தோக்கியோ சீட்டை அலுவலகப் பயண முகவர் பதிவு செய்யும்போது உங்கள் கிரிஸ்ஃபிளையர் எண் சேர்ந்திருக்கிறதா என்று முன்கூட்டியே பார்த்துவிடுங்கள். வெளியார் எடுக்கும் சீட்டுகளில் விடுபடுவது பெரும்பாலும் அதுதான். பெயர் கடவுச்சீட்டில் உள்ளபடியே கணக்கிலும் இருக்க வேண்டும். தந்தை பெயர் முன்னும் பின்னுமாக மாறிவிடும் நம்மவர்களுக்கு இதில்தான் தகராறு வரும். விட்டுப்போனால் பறந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் கேட்டு வாங்கலாம், ஆனால் மார்ச் நடுப்பகுதி நெருங்கும்போது அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம். மைல் ஏறும் வரை போர்டிங் பாஸைத் தூக்கி எறியாதீர்கள்.