புதுப்பிப்பு: இதயச் சிகிச்சைக்குப் பின் தூக்க முடியாமல் போன கை

மகனுக்குக் கத்தீட்டர் (ரத்தக்குழாய்க்குள் செலுத்தும் மெல்லிய குழாய்) வழியாக இதய ஓட்டையை அடைத்தார்கள். மயக்கம் தெளிந்ததும் வலது கை தொங்கியது, பக்கவாதமோ என்று முன்பு கேட்டிருந்தேன். பக்கவாதம் இல்லை. சிகிச்சையின்போது பார்க்கும் பக்கவாட்டு எக்ஸ்ரேவில் இதயத்தை மறைக்காமல் இருக்கக் கைகளைத் தலைக்கு மேல் தூக்கி வைத்திருக்கிறார்கள். கழுத்திலிருந்து கைக்கு இறங்கும் நரம்புப் பின்னல் நெடுநேரம் இழுபட்டுவிட்டது. விழித்திருந்தால் வலி தாங்காமல் அவனே கையை இறக்கியிருப்பான். மயக்கத்தில் அதற்கு வழி ஏது?

நரம்பு அறுபடவில்லை, கையின் அசைவு தானாகத் திரும்பும் என்றார் நரம்பியல் மருத்துவர். நரம்புப் பரிசோதனையை உடனே செய்தால் சேதம் முழுதாகத் தெரியாதாம், 3 வாரம் கழித்துத்தான் செய்தார்கள். இப்போது விரல்கள் சரி, முழங்கையும் மடங்குகிறது. தோள்தான் இன்னும் அடம்பிடிக்கிறது. பிசியோதெரபி தொடர்கிறது. இனி இப்படியொரு சிகிச்சை என்றால், கையை இடையிடையே இறக்கி வைப்பீர்களா என்று முன்கூட்டியே கேட்டுவிடுவேன்.