பப்புவா நியூ கினியில் எண்ணூறு மொழிகள்: மலைகள் மட்டும்தான் காரணமா?

கேள்வி: தென்திசை

உலகில் இன்று பேசப்படும் ஏறக்குறைய 7,000 மொழிகளில் 840 அளவிலானவை பப்புவா நியூ கினி என்ற ஒரே நாட்டில் இருக்கின்றன என்று படித்தேன். அந்நாட்டின் மக்கள்தொகை ஒரு கோடியை ஒட்டியதுதான். நம் சென்னைப் பெருநகரப் பகுதியில் வாழ்வோரின் தொகைக்கு அது ஏறக்குறைய இணையாகும். இவ்வளவு சிலரிடையே இவ்வளவு மொழிகள் எப்படி வந்தன என்று தேடினால், உயர்ந்த மலைகளும் அடர்ந்த காடுகளும் மக்களைப் பிரித்துவிட்டன என்ற விளக்கமே திரும்பத் திரும்பக் கிடைக்கிறது. அது எனக்கு முழு நிறைவைத் தரவில்லை. மலைதான் காரணம் என்றால், அதைவிட உயர்ந்த மலைகளைக் கொண்ட நேபாளத்திலும் எண்ணூறு மொழிகள் இருந்திருக்க வேண்டும் அல்லவா? அடுத்து, இந்த மொழிகள் யாவும் ஒரே மூலமொழியிலிருந்து கிளைத்தவையா, அல்லது தொடர்பற்ற பல குடும்பங்களைச் சேர்ந்தவையா? அதை எந்த அடிப்படையில் முடிவு செய்கிறார்கள்? அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

மறுமொழி: சொல்லேர்

உங்கள் ஐயம் நியாயமானது. மலை விளக்கம் முழுக்கப் பொய்யன்று; ஆனால் நிலப்படத்தை விரித்து வைத்துப் பார்த்தால் அது பல இடங்களில் தலைகீழாகிவிடுகிறது. நாட்டின் மிகக் கரடுமுரடான நடு மலைப்பகுதியில்தான் எங்கா மொழி பேசப்படுகிறது. இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் பேசும் அம்மொழி, அந்நாட்டு மண்ணின் மொழிகளில் மிகப் பெரியவற்றுள் ஒன்று. மாறாக, சில நூறு பேர் மட்டுமே பேசும் மொழிகள் நெருக்கமாகக் குவிந்திருப்பது வடக்கே செபிக் ஆற்றுப் பகுதியிலும் கடலோரத் தாழ்நிலங்களிலும் ஆகும். படகில் ஓரிரு நாளில் கடந்துவிடக்கூடிய தொலைவுக்குள் ஒன்றுக்கொன்று புரியாத பல மொழிகள் அங்கே வழங்குகின்றன.

நான் முதன்மையாகக் கருதுவது காலத்தையும் அரசின்மையையும்தான். அந்நாடு அமைந்துள்ள நியூ கினித் தீவில் மனிதர்கள் குடியேறி நாற்பதாயிரம் ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. வாகி பள்ளத்தாக்கில் உள்ள கூக் சதுப்பு நிலத்தில் வாய்க்கால் வெட்டிப் பயிர் செய்ததற்கான தடயங்கள் குறைந்தது 7,000 ஆண்டுப் பழமையுடையவை. யுனெஸ்கோ 2008இல் அவ்விடத்தை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. ஆனால் இத்தனை பழமையான வேளாண்மை இருந்தும், பெருநிலப்பரப்பை ஆண்டு, வரி தண்டி, தன் மொழியை அடுத்தவர் மீது படியவைத்த பேரரசு எதுவும் அங்கே எழவில்லை. லத்தீனும் அரபியும் பரவிய வழியை எண்ணிப் பார்த்தால், மொழிகள் குறைவதற்குப் படையும் வரியும் சமயமும் எவ்வளவு உதவின என்பது விளங்கும். நேபாளத்தில் அரசுகள் இருந்தன, இங்கே இல்லை.

இதனுடன் தட்பவெப்பமும் சேர்கிறது. பல பகுதிகளில் ஆண்டு முழுவதும் மழை உண்டு. சேம்பு, வாழை, சேனைவகைகள், சவ்வரிசிப் பனை ஆகியவற்றைக் கொண்டு ஒரு சிறு ஊர் தன் உணவைத் தானே தேடிக்கொள்ள முடியும். பஞ்சகாலத்துக்காகத் தொலைதூரத்து மக்களைச் சார்ந்திருக்க வேண்டிய தேவை இல்லாத இடத்தில், பொதுமொழி ஒன்றின் தேவையும் குறைவு.

மறுமொழி: பினாங்குவாசி

குடும்பங்கள் பற்றிய கேள்விக்கு நான் விடை தருகிறேன். ஒரே மூலமொழி என்று காட்ட இதுவரை யாராலும் முடியவில்லை. முதலில் இரு பெரும் பிரிவுகளைப் புரிந்துகொள்ள வேண்டும். கடலோரத்திலும் தீவுகளிலும் வழங்கும் பல மொழிகள் ஆஸ்திரோனேசியக் குடும்பத்தைச் சேர்ந்தவை. சுமார் 3,300 ஆண்டுகளுக்கு முன் கடல்வழியாக வந்தவர்களின் மொழிகள் அவை. தைவானில் தொடங்கி மடகாஸ்கர் வரையிலும், ஹவாய், நியூசிலாந்து வரையிலும் பரவிய குடும்பம் இது. எங்கள் மலேசியாவில் பேசப்படும் மலாயும் அதில் ஒன்று.

தொடர்பை நிறுவுவது சொற்களின் தோற்ற ஒற்றுமையால் அன்று, ஒலி மாற்றத்தின் ஒழுங்கால். நியூசிலாந்தின் மாவோரி மொழியில் 'மாதா', 'தாபு', 'தாஙாதா' என்பவை முறையே கண் அல்லது முகம், விலக்கப்பட்டது, மனிதன் எனப் பொருள்படும். ஹவாய் மொழியில் அவை 'மாகா', 'காபு', 'கானாகா' என்று இருக்கின்றன. தகரம் வரும் இடமெல்லாம் ககரம் வருகிறது. ஙகரம் வரும் இடத்தில் னகரம் வருகிறது. இத்தகைய ஒழுங்கு நூற்றுக்கணக்கான சொற்களில் தொடரும்போது அதைத் தற்செயல் என்று தள்ளிவிட முடியாது. பப்புவா நியூ கினியின் தலைநகர் போர்ட் மோர்ஸ்பியைச் சுற்றி வாழும் மோட்டு மக்களும் கண்ணை 'மாதா' என்றே சொல்கிறார்கள். மலாய் மொழியிலும் அதே சொல்தான். ஆனால் அந்த ஒரு சொல்லை மட்டும் வைத்து எவரும் குடும்பம் கட்டவில்லை.

மற்றவற்றைப் 'பப்புவ மொழிகள்' என்பார்கள். இது ஒரு குடும்பத்தின் பெயரன்று. ஆஸ்திரோனேசியம் அல்லாதவை என்பதற்கு மேல் அப்பெயருக்குப் பொருள் இல்லை. அவற்றுள் பெரியது டிரான்ஸ் நியூ கினி குடும்பம். 'நான்', 'நீ' போன்ற மூவிடப்பெயர்களின் ஒற்றுமையே அதற்கு முக்கியச் சான்று. அதன் எல்லை எது என்பதில் அறிஞர்களிடையே இன்றும் வழக்கு உண்டு. அதற்கு வெளியே செபிக், டோரிசெல்லி முதலிய பல சிறு குடும்பங்களும், எதனோடும் சேராத தனிமொழிகளும் இருக்கின்றன. ஒலி ஒப்பீட்டு முறை ஏறக்குறைய எட்டாயிரம் முதல் பத்தாயிரம் ஆண்டுகளுக்கு அப்பால் வலுவிழந்துவிடும். ஆகவே இவற்றுக்கு அதற்கும் முந்தைய உறவு இருந்திருந்தாலும் அதை மெய்ப்பிக்க வழியில்லை. தொடர்பற்றவை என்று நாம் சொல்வதெல்லாம் தொடர்பு நிறுவப்படாதவை என்ற அளவில்தான்.

தென்திசை

இருவருக்கும் நன்றி. சொல்லேர் ஐயாவிடம் ஒரு துணைக்கேள்வி. அண்டை ஊர்களோடு வணிகமும் திருமண உறவும் இருந்திருக்குமே. அப்படியானால் மொழிகள் காலப்போக்கில் ஒன்றாகக் கலந்திருக்க வேண்டாமா?

மறுமொழி: சொல்லேர்

கலப்பு நிறைய உண்டு. இலக்கண அமைப்புகளே ஒரு மொழியிலிருந்து மற்றொன்றுக்குத் தாவியிருக்கின்றன. ஆனால் பெண் கொடுத்து, பொருள் மாற்றி வாழ்ந்தவர்கள் அண்டையாரின் மொழியைத் தாமும் கற்றுக்கொண்டார்கள். தம் மொழியைக் கைவிடவில்லை. நான்கைந்து மொழி பேசுவது அங்கே படிப்பாளியின் தனித்திறன் அன்று, உறவும் கூட்டாளிகளும் உடைய எவருக்கும் இயல்பானது.

அதைவிட வியப்பானது, வேறுபாட்டை மக்களே விரும்பி உண்டாக்கிய நிகழ்ச்சிகள். ஹுவோன் தீபகற்பத்தில் செலெபெட் மொழி பேசும் ஓர் ஊரார் கூட்டம் கூடி, 'இல்லை' என்பதற்கு அதுவரை வழங்கிய சொல்லை விட்டுவிட்டு வேறொரு சொல்லைப் பயன்படுத்த முடிவெடுத்தார்கள். அதே மொழி பேசும் மற்ற ஊர்களிலிருந்து தாம் வேறுபட வேண்டும் என்பதே நோக்கம். பூகன்வில் தீவின் புயின் மொழியில் ஊயிசாய் என்ற வட்டார வழக்கு இருக்கிறது. மற்ற வழக்குகளில் ஆண்பால் விகுதி பெறும் இடங்களில் இங்கே பெண்பால் விகுதியும், பெண்பாலுக்குரிய இடங்களில் ஆண்பால் விகுதியும் வருகின்றன. இது இயல்பான ஒலித்திரிபால் நேரக்கூடியதன்று என்பதால், யாரோ வேண்டுமென்றே தொடங்கிவைத்திருக்க வேண்டும் என்று ஆய்ந்தவர்கள் கருதினார்கள். எனக்கும் வேறு விளக்கம் தோன்றவில்லை. தனித்திருந்ததால் அல்ல, நெருங்கி வாழ்ந்ததால்தான் இத்தனை மொழிகள் என்று சொல்வது இங்கே மிகையாகாது.

மறுமொழி: ஆழிமுத்து

மேலே சொன்னவை யாவும் கடந்த காலத்துக்குப் பொருந்தும். இன்றைய நிலையையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கரும்பு, தென்னைத் தோட்டங்களுக்குக் கொண்டுசெல்லப்பட்ட தொழிலாளர்களிடையே உருவான டோக் பிசின் இன்று நாட்டின் பெரும் பொதுமொழி. அதன் சொற்கள் பெரும்பாலும் ஆங்கிலத்திலிருந்து வந்தவை. இலக்கணமோ மெலனீசிய மண்ணுடையது, அதாவது நியூ கினியும் அதன் கிழக்கிலுள்ள தீவுகளும் சேர்ந்த பகுதியுடையது. கேட்பவரை உளப்படுத்திய 'யூமி'யும் விலக்கிய 'மீபெலா'வும் அதில் தனித்தனியே உண்டு என்பதால், நாம் என்றும் நாங்கள் என்றும் பிரித்துப் பேசும் தமிழருக்கு இந்த வேறுபாடு எளிதில் பிடிபடும்.

செபிக் ஆற்று முகத்துவாரத்துக்கு அருகே காபுன் என்ற ஊரில் வழங்கும் தாயாப் ஒரு தனிமொழி. அதைப் பேசியோர் எக்காலத்திலும் சில நூறு பேரைத் தாண்டியதாகத் தெரியவில்லை. 1980களில் டான் குலிக் என்ற மானுடவியலாளர் அங்கே சென்று தங்கியபோதே சிறுவர்கள் டோக் பிசின் மட்டும் பேசத் தொடங்கியிருந்தார்கள். எவரும் தடை விதிக்கவில்லை, வெளியாரும் வந்து குடியேறவில்லை. டோக் பிசின் என்பது கிறித்தவத்தோடும் பணத்தோடும் வெளியுலகத்தோடும் சேர்ந்த மொழி என்ற எண்ணம் ஊராரிடையே வேரூன்றிவிட்டது. பெற்றோரோ, பிள்ளைகள் தாமாகவே மாறிவிட்டதாகச் சொன்னார்கள். ஆயிரக்கணக்கான ஆண்டுகள் சில நூறு பேரால் காப்பாற்றப்பட்டு வந்திருக்கக்கூடிய மொழி, இரண்டு தலைமுறையில் தளர்ந்துவிட்டது. 1990களின் கல்விச் சீர்திருத்தம் தொடக்கப் பள்ளியின் முதல் ஆண்டுகளை நூற்றுக்கணக்கான உள்ளூர் மொழிகளில் நடத்த வழி செய்தது. பின்னர் அரசு மீண்டும் ஆங்கிலத்துக்கே திரும்பியது. பள்ளி மட்டும் மொழியைக் காக்கும் என்று நான் நம்பவில்லை. ஆனாலும் அம்முயற்சிக்கு இன்னும் சில காலம் கொடுத்திருக்கலாம்.

மறுமொழி: பினாங்குவாசி

எண்ணிக்கை பற்றி ஒரு சிறு எச்சரிக்கை. 840 என்பது உலக மொழிகளைத் தொகுக்கும் எத்னோலாக் பட்டியலை ஒட்டிய கணக்கு. இங்கே பல மொழிகள் சங்கிலி போலத் தொடர்கின்றன: ஓர் ஊராருக்கு அடுத்த ஊர்ப் பேச்சு புரியும், பத்தாவது ஊர்ப் பேச்சு புரியாது. அச்சங்கிலியை எங்கே வெட்டுவது என்பதைப் பொறுத்துத் தொகை கூடும், குறையும். எவ்வளவு கறாராகக் கணக்கிட்டாலும் பல நூறு மொழிகள் எஞ்சும் என்பதால், உங்கள் கேள்வியின் வலு இதனால் குறைவதில்லை. இந்த எண்ணை எங்காவது எழுதும்போது மட்டும் 'ஏறக்குறைய' என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள்.