கிளிப்லெஸ் பெடல்: தமிழில் என்ன சொல்லலாம்?

வேலூரிலிருந்து:

குழுவினருக்கு வணக்கம்.

நாற்பத்திரண்டு வயதில் முதல்முறையாக ஒரு ரோடு பைக், அதாவது பந்தய சைக்கிள், வாங்கியிருக்கிறேன். வளைந்த ஹேண்டில், விரல் தடிமனுக்கு டயர். கேரியர் கிடையாது, மட்கார்டு கிடையாது. "இவ்ளோ காசு குடுத்து ஸ்டாண்டு கூட இல்லாத வண்டியா?" என்று வீட்டில் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் நான் எழுத வந்தது அதன் பெடலைப் பற்றி.

ஷூவின் அடியில் ஒரு பிளாஸ்டிக் துண்டை மூன்று திருகு போட்டு முடுக்கியிருக்கிறது. பாதத்தின் முன்பகுதியைப் பெடல்மேல் வைத்து அழுத்தினால் 'டக்'கென்று மாட்டிக்கொள்ளும். அப்புறம் காலைத் தூக்கினாலும் வராது. குதிகாலை வெளிப்பக்கம் திருப்பினால்தான் விடும். இது தலைக்குத் தெரிந்தால் போதாது, காலுக்குத் தெரிய வேண்டும். வாங்கிய இரண்டாம் நாள் விடியற்காலை, வெயிலுக்கு முன்னால் வள்ளிமலை வரை போய்வரலாம் என்று கிளம்பினேன். பாலாற்றுப் பாலம் தாண்டி விருதம்பட்டில் எனக்கு முன்னால் ஒரு லாரி ரிவர்ஸில் வந்தது. பிரேக் பிடித்தேன். வண்டி நின்றது, கால் வரவில்லை. வெட்டிய வாழைமரம் மாதிரி இடப்பக்கம் சாய்ந்தேன். டீக்கடைப் பெரியவர் ஓடிவந்து தூக்கிவிட்டு, "இன்னாபா, ஓட்றப்ப விழுவாங்க. நீ நின்னுகினு விழறியே" என்றார்.

அவருக்கு விளக்கத்தான் என்னிடம் சொல் இல்லை. ஆங்கிலத்தில் இந்தப் பெடலுக்குப் பேர் 'கிளிப்லெஸ்'. அப்படியென்றால் கிளிப் இல்லாதது. கிளிப்பே இல்லையென்றால் என் கால் எதில் மாட்டியது? நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

ஆரணியிலிருந்து:

அன்பருக்கு, முழங்கை ஆறிவிட்டதா?

மூலச்சொல்லை ஒட்டிப் போனால் 'பிணிப்பிலி மிதி'. 'மிதிவண்டி' இருக்கும்போது 'மிதி' பொருந்திவரும். செருப்புக்குத் 'தொடுதோல்' என்று சங்க இலக்கியத்தில் ஒரு சொல் உண்டு. அந்த ஷூவுக்கு அதை எடுத்துக்கொள்ளலாம் என்பது என் ஆசை. ஓய்வுபெற்ற தமிழாசிரியனின் ஆசை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

குடியாத்தத்திலிருந்து:

ஐயா, கோபித்துக்கொள்ளாதீர்கள். 'பிணிப்பிலி' என்று சொல்லிக் கொடுத்தால் இன்னும் நாலு பேர் விழுவார்கள். காலைப் பிணிப்பதுதானே அதன் வேலை?

அந்த ஆங்கிலப் பெயரே ஒரு பழைய பொருளை வைத்து வந்தது. முன்பெல்லாம் பந்தய சைக்கிளில் பெடலுக்கு முன்னால் கூண்டு மாதிரி ஒரு வளைவு இருக்கும். அதற்குள் காலை நுழைத்து வாரால் இறுக்குவார்கள். அந்தக் கூண்டுக்குத்தான் 'கிளிப்' என்று பேர். பனிச்சறுக்குக் காலணியைப் பலகையோடு பிடித்துவைக்கும் பொறியைச் செய்துவந்த பிரெஞ்சு நிறுவனம் 'லுக்'. 1984-இல் அதே உத்தியைப் பெடலுக்குக் கொண்டுவந்தது. மறு ஆண்டு பிரெஞ்சு சைக்கிள் வீரர் பெர்னார் ஈனோ அந்தப் பெடலோடு டூர் டி பிரான்ஸ் பந்தயத்தை ஜெயித்தார். கூண்டு போனதால் 'கூண்டில்லாதது' என்று பேர் வைத்தார்கள். நாம் அந்தக் கூண்டைப் பார்த்ததே இல்லை. பார்க்காத பொருள் இல்லை என்பதைப் பெயராக வைப்பானேன்?

என் கருத்து 'பூட்டுமிதி'. எங்கள் பக்கம் ஏர் பூட்டுவோம், வண்டி பூட்டுவோம், வேலை முடிந்தால் மாட்டை அவிழ்ப்போம். பூட்டு, அவிழ் என்று இரண்டு வினையும் கையோடு கிடைக்கிறது. ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவில் மூச்சு வாங்க ஏறும்போது பின்னால் வருகிறவனிடம் கத்த வேண்டுமென்றால் "அவிழ்டா!" ஒன்று போதும்.

ஆம்பூரிலிருந்து:

நான் ஷூ கம்பெனி ஆள், தமிழறிஞன் இல்லை. 'பூட்டுமிதி' என்றால் திருட்டுக்குப் பயந்து பூட்டிவைத்த பெடல் என்றுதான் எனக்குப் படுகிறது. அந்தப் பெடலைத் திருப்பிப் பாருங்கள். பின்பக்கம் ஸ்பிரிங் வைத்த ஒரு தாடை இருக்கும், அது கவ்வுகிறது. ஆகவே 'கவ்வுமிதி'. ஸ்பிரிங்கை இறுக்கவோ தளர்த்தவோ பக்கத்திலேயே ஒரு குட்டித் திருகும் இருக்கும். புதிதாக ஓட்டுகிறவர் அதை நன்றாகத் தளர்த்தி வைத்திருந்தால் விருதம்பட்டில் விழுந்திருக்க மாட்டார். விற்ற கடைக்காரர் சொல்லியிருக்க வேண்டும்.

ஷூவின் அடியில் இருக்கும் துண்டுக்குப் புதுச்சொல் எதற்கு? மாட்டுக்கு அடிக்கிறோம், போலீஸ்காரர் பூட்ஸுக்கு அடிக்கிறோம். லாடம்.

வேலூரிலிருந்து:

எல்லாருக்கும் நன்றி. 'லாடம்' என்று படித்ததும் சிரித்துவிட்டேன். அதைவிடச் சரியான சொல் வராது. தேயும், தேய்ந்தால் மாற்ற வேண்டும், நடந்தால் தரையில் டக்டக்கென்று சத்தம் போடும்.

நேற்று கடைக்குப் போய் ஸ்பிரிங்கைத் தளர்த்திக்கொண்டேன். மெக்கானிக் இந்தப் பெடலை 'லாக் பெடல்' என்கிறார். 'லுக்' என்ற கம்பெனிப் பேர்தான் 'லாக்' ஆகிவிட்டதா, அல்லது பூட்டுகிறது என்பதால் அவராகவே வைத்தாரா என்று கேட்டேன். "பேர்ல இன்னா இருக்குது சார்" என்று சிரித்துக்கொண்டே இடப்பக்கப் பெடலைக் கழற்றினார். அதற்கு எதிர்மரை. முந்தின வாரம் நானே கழற்றிப் பார்க்கலாம் என்று வலப்பக்கம் மாதிரியே திருகி இன்னும் இறுக்கிவைத்திருந்தேன். அதற்காக அவரிடம் தனியாக வாங்கிக்கட்டிக்கொண்டேன்.

பொருளுக்கு 'கவ்வுமிதி' என்றே எழுதப்போகிறேன். பார்த்ததும் வேலை புரிகிறது, சைக்கிள் பூட்டோடு குழப்பமும் இல்லை. ஆனால் 'கவ்வு' என்பது பெடல் செய்யும் வேலை. ஓட்டுகிறவன் செய்வதற்குக் குடியாத்தத்தாரின் பூட்டு, அவிழ் இரண்டும்தான் வாய்க்கு வருகின்றன. வீட்டுத் திண்ணையைப் பிடித்துக்கொண்டு நூறு முறை பூட்டி நூறு முறை அவிழ்த்துப் பழகினேன். இன்று காலை சிக்னலுக்கு இருபது அடி முன்பே இடதுகால் தானாக அவிழ்ந்தது. 'தொடுதோல்' அழகாக இருக்கிறது ஐயா. ஆனால் ஷூ கடையில் கேட்டால் தோல் பெல்ட்டை எடுத்து நீட்டுவார்கள்.

இன்னொன்று பாக்கி. பூட்டியபின்னும் குதிகால் கொஞ்சம் இப்படியும் அப்படியும் அசைய இடம் இருக்கிறது, முழங்கால் நோகாமலிருக்க. ஷிமானோ கம்பெனி ரோடு பெடலின் மஞ்சள் லாடத்தில் 6 பாகை, சிவப்பில் ஒன்றுமே இல்லை. இந்த அசைவுக்கு என்ன சொல்லலாம்? 'ஆட்டம்' என்று சொல்லிப் பார்த்தேன். மெக்கானிக் உடனே ஸ்பானரை எடுத்துவிட்டார்.