பிஜியில் நாங்கள் பார்த்த தேர்தலும் தணிக்கையும்: அனுபவப் பகிர்வு

முன்பு பிஜியின் தலைநகர் சுவாவில் கணக்காளராக இருந்தவர்:

2006 டிசம்பர் 5 அன்று ராணுவத் தளபதி பிராங்க் பைனிமராமா ஆட்சியைப் பிடித்தபோது சொன்ன காரணமே ஊழல்தான். பிரதமர் லைசேனியா கராசேயின் அரசு கெட்டுப்போய்விட்டது, நாட்டைச் சுத்தம் செய்யப் போகிறோம் என்றார். மறு வருடமே ஊழல் ஒழிப்புக்குத் தனி ஆணையமும் வந்துவிட்டது. நான் அங்கே வேலைக்குப் போனது அதற்குச் சில வருடம் கழித்து. கணக்கு பார்க்கிறவன் கண் முதலில் தணிக்கை அறிக்கையைத்தான் தேடும். நானும் தேடினேன், கிடைக்கவில்லை. நாடாளுமன்றமே இல்லாத நாட்டில் அறிக்கையை யார் முன்னால் வைப்பது? 2007 முதலான வருடங்களின் தலைமைத் தணிக்கையாளர் அறிக்கைகள் 2014 தேர்தலுக்குப் பிறகுதான் மொத்தமாக வெளியே வந்தன. ஊழலை ஒழிக்க வந்தவர்கள் இத்தனை வருடம் தங்கள் வரவு செலவை மக்களுக்குக் காட்டவில்லையே என்று அலுவலகத்தில் ஒருநாள் வாய்விட்டுக் கேட்டேன். கூட இருந்த உள்ளூர்க்காரர் பதில் சொல்லவில்லை. எழுந்து போய் அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

அந்தப் பயத்துக்குக் காரணம் உண்டு. 2009 ஏப்ரலில் மேல்முறையீட்டு நீதிமன்றம் பைனிமராமாவின் இடைக்கால அரசு சட்டவிரோதமானது என்று தீர்ப்புச் சொன்னது. மறுநாளே அரசியல் சட்டம் ரத்தானது, நீதிபதிகள் எல்லோரும் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். செய்தித்தாள் அலுவலகங்களில் செய்திகளை வெட்டும் தணிக்கை (சென்சார்) அதிகாரிகள் வந்து உட்கார்ந்தார்கள். பிஜி டைம்ஸ் நாளிதழ் அந்த வார ஞாயிறு இதழில், நீக்கப்பட்ட செய்திகளின் இடத்தை வெற்றிடமாகவே விட்டு அச்சடித்தது.

ஆனால் எல்லோரும் பயந்துதான் ஓட்டுப் போட்டார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். எனக்கு வழக்கமாக வண்டி ஓட்டிய டாக்சிக்காரரின் தாத்தா வட ஆற்காட்டிலிருந்து கரும்புத் தோட்டத்துக்குக் கப்பல் ஏறியவர். பேரனுக்குத் தமிழ் என்றால் கோயிலில் கேட்ட நாலு சொல், மற்றதெல்லாம் பிஜி இந்திதான். 2014 செப்டம்பரில் எனக்குப் பைனிமராமாவின் வேட்பாளர் எண்ணை மனப்பாடமாகச் சொன்னார், 279. வாக்குச்சீட்டில் பெயர் கிடையாது, படம் கிடையாது, சின்னமும் கிடையாது. நாடு முழுவதும் ஒரே தொகுதி, 248 வேட்பாளர்கள், வெறும் எண்கள். ஏன் அவருக்கு ஓட்டு என்று கேட்டேன். 1987-லும் 2000-லும் நடந்த புரட்சிகளில் எங்கள் ஆட்கள் கடையும் வீடும் இழந்தார்கள், இவர் வந்த பிறகுதான் எல்லாரும் ஒரே பெயரில் பிஜியர் ஆனோம், இன வாரியாக வாக்காளர் பட்டியல் போடுவதும் ஒழிந்தது என்றார். அதில் நியாயம் இருக்கிறது. அந்த 279-க்கு மட்டும் இரண்டு லட்சத்துக்கும் மேல் வாக்குகள் விழுந்தன.

வாக்களிப்பு ஒழுங்காகத்தான் நடந்தது. முடிவு மக்களின் விருப்பத்தைப் பெரும்பாலும் காட்டுகிறது என்றுதான் பன்னாட்டுப் பார்வையாளர்களும் சொன்னார்கள். என் வருத்தமெல்லாம் அதற்கு முன்னால் நடந்ததைப் பற்றி. கராசே 2012-ல் பதவித் துஷ்பிரயோக வழக்கில் சிறைக்குப் போனதால் போட்டியிட முடியவில்லை. மகேந்திர சௌத்ரிக்கு 2014-ல் அந்நியச் செலாவணி வழக்கில் தண்டனை, அவரும் வெளியே. இரண்டு முன்னாள் பிரதமர்களும் களத்தில் இல்லை. தேர்தலுக்குப் பொறுப்பான அமைச்சர், அட்டர்னி ஜெனரல், ஆளுங்கட்சியின் பொதுச் செயலாளர், இந்த மூன்று நாற்காலியிலும் ஐயாஸ் சையத் கையூம் ஒருவரே இருந்தார். அந்த வழக்குகள் சரியா தவறா என்று நான் தீர்ப்புச் சொல்லவில்லை. ஆனால் எந்தத் தணிக்கைக்காரனும் இப்படி ஓர் ஏற்பாட்டுக்குக் கையெழுத்துப் போடமாட்டான்.

லௌடோகாவில் வசிப்பவர்:

அண்ணா, நீங்கள் சொன்ன 'முன்னால் நடந்தது' என்பதற்கு எங்கள் வீட்டிலேயே ஓர் உதாரணம் உண்டு. 2021-ல் சட்டத்தைத் திருத்தி, பிறப்புச் சான்றிதழில் உள்ள பெயரில்தான் வாக்காளராகப் பதிவு செய்ய முடியும் என்று ஆக்கினார்கள். கல்யாணமானதும் கணவர் பெயரைச் சேர்த்துக்கொண்ட பெண்கள் அந்தப் பெயரிலேயே நீடிக்க வேண்டுமென்றால், முதலில் பிறப்புச் சான்றிதழில் பெயரை மாற்ற வேண்டியிருந்தது. என் மாமியாருக்கு வங்கிக் கணக்கு, நிலப் பத்திரம், ஓய்வூதியம் எல்லாம் கல்யாணப் பெயரில்தான். அவரைக் கூட்டிக்கொண்டு அலைந்தேன். ஓர் அலுவலகத்தில் இது போதும் என்றார்கள், அடுத்ததில் போதாது என்றார்கள். அத்தைக்கு முழங்கால் வலி வேறு. "இத்தனை வருஷமா இந்தப் பேர்லதானே ஓட்டுப் போட்டேன், இப்ப நான் யாரு?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. 2022 தேர்தலில் அவர் ஓட்டுப் போட்டார், ஆனால் எங்கள் தெருவில் அலைய முடியாமல் விட்டுவிட்டவர்களும் இருக்கிறார்கள். கள்ள ஓட்டு விழவில்லை என்று சொல்லும்போது, விழாமலே போன ஓட்டையும் சேர்த்துத்தான் பேச வேண்டும்.

லௌதாலா வளாகத்தில் படித்தவர்:

நான் அப்போது தென் பசிபிக் பல்கலைக்கழக மாணவன். அது பிஜிக்கு மட்டும் சொந்தமில்லை, 12 பசிபிக் நாடுகள் சேர்ந்து நடத்துவது. துணைவேந்தர் பால் அலுவாலியா 2019-ல், தனக்கு முந்தைய நிர்வாகத்தில் பதவி உயர்விலும் படிகளிலும் நடந்த முறைகேடுகளை எழுதிக் கொடுத்தார். 2021 பிப்ரவரியில் பிஜி அரசு இரவு நேரத்தில் வீட்டுக்கு ஆள் அனுப்பி, அவரையும் மனைவியையும் விமானத்தில் ஏற்றி நாடு கடத்தியது. காலையில் எழுந்தபோது எங்கள் கைப்பேசிகளில் வேறு பேச்சே இல்லை. முறைகேட்டைச் சொன்னவருக்கு இந்தக் கதி என்றால் ஒரு மாணவன் வாயைத் திறப்பானா? அவர் நவ்ருவிலிருந்தும் பிறகு சமோவாவிலிருந்தும் பல்கலைக்கழகத்தை நடத்தினார். பிஜி அரசு தன் பங்குப் பணத்தை நிறுத்தி வைத்தது.

அப்புறம் நடந்ததுதான் முக்கியம். பல்கலைக்கழகம் பற்றிய புகாரை விசாரிப்பதை 2020-ல் பிரதமராக இருந்தபோது நிறுத்தச் சொன்னார் என்று பைனிமராமா மீதும், அன்றைய காவல் ஆணையர் சிதிவேனி கிலிஹோ மீதும் 2022 தேர்தலில் ஆட்சி மாறிய பிறகு வழக்கு வந்தது. கீழ் நீதிமன்றம் முதலில் விடுதலை செய்தது. உயர் நீதிமன்றம் குற்றவாளிகள் என்றது. தண்டனை கொடுக்க வேண்டிய கீழ் நீதிமன்றம் பைனிமராமாவை எந்தத் தண்டனையும் இல்லாமல் விட்டது, அரசுத் தரப்பு மறுபடி மேல்முறையீடு செய்தது. 2024 மே 9 அன்று பைனிமராமாவுக்கு ஒரு வருடமும் கிலிஹோவுக்கு இரண்டு வருடமும் சிறை. அந்தச் செய்தியைக் கேட்டு எனக்குச் சந்தோஷம் வரவில்லை, மூச்சு விட முடிந்தது, அவ்வளவுதான்.

கணக்காளர், மீண்டும்:

தம்பி சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். பைனிமராமா சிறைக்குப் போனது ஒரு விசாரணையை நிறுத்தியதற்காக. ஆட்சியைக் கவிழ்த்ததற்காக அவரை யாராலும் கேட்க முடியாது. 2013 அரசியல் சட்டம் அந்தப் பாதுகாப்பைக் கொடுத்ததோடு, அதைத் திருத்தவே முடியாது என்றும் எழுதி வைத்திருக்கிறது. நாட்டின் நல்வாழ்வுக்கே ராணுவம் பொறுப்பு என்று இன்னொரு பிரிவும் இருக்கிறது. அதைக் காட்டி நாளை எந்தத் தளபதியும் வெளியே வரலாம். 1987-ல் இரண்டு முறை புரட்சி செய்த சிதிவேனி ரம்புக்காதான் 2022 டிசம்பர் 24 அன்று நாடாளுமன்றத்தில் 28-க்கு 27 என்று ஒரே ஒரு வாக்கு வித்தியாசத்தில் பிரதமர் ஆனார். அதற்கு முன் வாக்கு எண்ணும் இரவில் முடிவுகளைக் காட்டிய செயலி கோளாறாகி நின்று, திரும்பி வந்தபோது கட்சிகள் இருந்த வரிசை மாறியிருந்தது. நாடே பதறியது. பார்வையாளர்கள் தவறு எதுவும் காணவில்லை என்றார்கள்.

அந்த இரவில் வாக்குச்சாவடி முகவராக இருந்த நண்பர் ஒருவர் பதறாமல் இருந்தார். தன் சாவடியின் முடிவுத் தாளைக் கைப்பேசியில் படம் எடுத்து வைத்திருந்தார். செயலி எதைக் காட்டினாலும் அவர் அந்தப் படத்தோடுதான் ஒப்பிட்டார், எண்கள் பொருந்தின. அடுத்த தேர்தலுக்கு எல்லாக் கட்சிகளும் எல்லாச் சாவடிக்கும் இப்படி ஓர் ஆளை அனுப்ப வேண்டும் என்று அவரிடம் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். வெளித் தீவுகளுக்கு ஆள் கிடைப்பதுதான் கஷ்டம் என்கிறார். லாவு, ரொட்டுமா பக்கம் வேலை பார்த்தவர்கள் யாராவது இங்கே இருந்தால், அங்கே முகவர்கள் எப்படிப் போய் வந்தார்கள் என்று எழுதுங்கள்.