கன்ஃபர்மேஷன்: ‘உறுதிப்படுத்தல்’ என்பது பொருந்துமா?

வணக்கம்.

நமது பிளாக்செயின் சொற்பட்டியலில் வெரிஃபிகேஷனுக்குச் ‘சரிபார்ப்பு’, கன்ஃபர்மேஷனுக்கு ‘உறுதிப்படுத்தல்’ என்று போட்டிருக்கிறோம். முதலாவது சரி. இரண்டாவது படிப்பவரை ஏமாற்றும்.

பிட்காயினில் ஒரு பரிமாற்றம் நோடுக்கு (வலையமைப்பில் உள்ள ஒரு கணினிக்கு) வந்ததும் அந்த நோடு தானே சோதிக்கிறது: கையொப்பம் பொருந்துகிறதா, உள்ளீடாகக் காட்டிய தொகை ஏற்கெனவே செலவாகிவிட்டதா, வெளியீடுகளின் கூட்டுத்தொகை உள்ளீட்டைத் தாண்டுகிறதா. (மிச்சம்தான் கட்டணம்.) தேறினால் மெம்பூலில் (காத்திருப்புப் பட்டியலில்) வைத்து அண்டை நோடுகளுக்கு அனுப்பும். யாரிடமும் வாக்குக் கேட்பதில்லை. சரிபார்ப்பு இதுதான்.

பிறகுதான் மைனர் (புதிய பிளாக்கை உருவாக்குபவர்) அதை பிளாக்கில் (பரிமாற்றங்களின் தொகுதியில்) சேர்க்கிறார். பிளாக்கின் 80 பைட் தலைப்பை எஸ்எச்ஏ-256 என்ற கணிப்பு முறை கொண்டு இருமுறை ஹாஷ் செய்து (சுருக்க எண்ணாக மாற்றி), விடை குறித்த இலக்குக்குள் அடங்கும்வரை நான்ஸை (தலைப்பில் உள்ள மாற்றத்தக்க எண்ணை) மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். சராசரியாக 10 நிமிடத்துக்கு ஒரு பிளாக். பரிமாற்றம் அதில் ஏறியதும் வாலெட் ‘கன்ஃபர்மேஷன் 1’ என்று காட்டும். மேலே இன்னொரு பிளாக் வந்தால் 2. வெறும் எண்ணிக்கை. ஆகவே ‘அடுக்கு’ என்கிறேன்: “6 அடுக்கு ஏறிவிட்டது.”

———

> வெறும் எண்ணிக்கை.

முழுக்க அப்படியல்ல. அடுத்த பிளாக்கை மேலே வைக்கும் மைனர் கீழே உள்ளதைச் சோதித்துவிட்டுத்தான் வைக்க வேண்டும். ஆனால் ‘உறுதி’ என்பது மிகை என்பதில் உடன்படுகிறேன். பிட்காயினின் 2008 வெள்ளையறிக்கைக் கணக்குப்படி, தாக்குபவரிடம் 10% கணிப்புத்திறன் இருந்தால் அவர் சங்கிலியை முந்தி, ஏறிய பரிமாற்றத்தை மாற்றிவிடும் வாய்ப்பு 0.1 விழுக்காட்டுக்குக் கீழே போக 5 பிளாக் போதும். 30% இருந்தால் 24 வேண்டும். 2013 மார்ச்சில் பிட்காயின் மென்பொருளின் 0.7, 0.8 பதிப்புகள் ஒரு பிளாக்கை ஏற்பதில் பிரிந்தன. பழைய பதிப்பின் தரவுதளத்தில் பூட்டுகளுக்கு இருந்த வரம்பு அதற்குப் போதவில்லை. மைனர்கள் பழைய கிளைக்கே திரும்பியதால் மறு கிளையின் 20-க்கும் மேற்பட்ட பிளாக்குகள் கைவிடப்பட்டன. 6-ஐத் தாண்டிய எண்ணிக்கைகளும் அதில் போயின.

‘அடுக்கு’ மட்டும் வேண்டாம். லேயர் 2-ஐ (பிளாக்செயினின் மேல் இயங்கும் தனி அமைப்பை) ‘இரண்டாம் அடுக்கு’ என்று ஏற்கெனவே எழுதுகிறோம். “2 அடுக்கு” என்றால் எது? ‘ஆழம்’ என்போம். “ஆழம் 6 வந்தபின் சரக்கை அனுப்புங்கள்.” மெம்பூலில் இருப்பதைக் ‘காத்திருக்கும் பரிமாற்றம்’ எனலாம். ‘உறுதிப்படுத்தப்படாத’ என்றால் ஏதோ திருட்டுப் பணம் போல ஒலிக்கிறது.

———

ஆழம் நன்று, இன்னொரு ஆதாயமும் உண்டு. எத்தீரியம் என்ற பிளாக்செயினில் கேஸ் (கணிப்புக்கான கட்டண அலகு) தீர்ந்தோ நிபந்தனை தவறியோ தோற்ற பரிமாற்றமும் பிளாக்கில் ஏறும், கட்டணமும் போகும். நிறுவனங்களுக்கான பிளாக்செயினான ஹைப்பர்லெட்ஜர் ஃபேப்ரிக்கிலும் அப்படியே: ஒப்புதல், வரிசைப்படுத்தல், சோதனை என்ற ஒழுங்கில் நடப்பதால், இடையில் வேறொருவர் அதே விசையின் (தரவுப் பதிவின் அடையாளப் பெயர்) மதிப்பை மாற்றியிருந்தால் பரிமாற்றம் ‘செல்லாது’ என்ற குறியோடு பிளாக்கிலேயே கிடக்கும். அதைப் போய் ‘உறுதிப்படுத்தப்பட்டது’ என்றால் என்ன ஆவது? ஆழம் 50 இருந்தும் தோற்றது என்று சொன்னால் குழப்பமில்லை.

ஆனால் ஃபைனாலிட்டியை (பிளாக்கை இனி மாற்ற முடியாது என்ற நிலையை) இதில் கலக்காதீர்கள். எத்தீரியத்தில் 12 நொடிக்கு ஒரு ஸ்லாட் (ஒரு பிளாக்குக்கான நேர இடம்), 32 ஸ்லாட் ஒரு எபோக். பிளாக்குகளுக்கு வாக்களிப்போர் வைத்த பிணைத்தொகையில் மூன்றில் இரண்டு பங்கு வாக்களித்தால், வழக்கமாக இரண்டு எபோக்கில், அதாவது 13 நிமிடத்துக்குச் சற்றுக் குறைவாக, அது கிடைக்கிறது. அதன்பின் மாற்றுவதென்றால் மூன்றில் ஒரு பங்குப் பிணையையாவது தண்டமாக இழக்க வேண்டும். 2023 மே 11, 12 தேதிகளில் பிளாக்குகள் வந்துகொண்டிருந்தன, ஆழமும் ஏறியது, ஃபைனாலிட்டி மட்டும் தாமதமாயிற்று. தனிச்சொல் வேண்டும் என்பதற்கு அதுவே சான்று. ‘மீளாநிலை’ என்று முன்வைக்கிறேன். ‘இறுதி’ என்றால் கடைசி பிளாக் என்று படிக்கிறார்கள்.

———

மீளாநிலைக்கு என் ஆதரவு. பிட்காயின் பதிவில் மட்டும் “மீளாநிலை கிடையாது, ஆழம் கூடக்கூட மீளும் வாய்ப்பு குறையும்” என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். ரீஆர்க்குக்கு (சங்கிலி ஒரு கிளையை விட்டு வேறு கிளைக்கு மாறுவதற்கு) இன்னும் சொல் அமையவில்லை. ‘மறுசீரமைப்பு’ அலுவலகச் சுற்றறிக்கை போல இருக்கிறது, ‘கிளைமாற்றம்’ எப்படி?