கிராமத்தில் மருத்துவப் பணி: பெரிய மருத்துவமனை தொலைவில் இருக்கும்போது

மருத்துவ அலுவலர்:

கிராமப் பணிக்குப் புதிதாக வருகிறவர்கள் முதலில் கற்றுக்கொள்ள வேண்டியது பாம்புக்கடி. எந்தப் பாம்பு என்று விசாரிப்பதிலேயே பொன்னான நேரம் போய்விடும். அடித்துக் கொன்ற பாம்பைக் கையோடு கொண்டுவருவார்கள். செத்த பாம்பின் தலையும் கடிக்கும், கிட்டே போகாதீர்கள். சிகிச்சையைத் தீர்மானிப்பது நோயாளியின் உடலில் தெரியும் அறிகுறிகள்தான்.

ரத்தம் உறைகிறதா என்று பார்க்க ஆய்வுக்கூடம் தேவையில்லை. சுத்தமான, நன்றாகக் காய்ந்த புதுக் கண்ணாடிக் குழாயில் 2 மி.லி. சிரை ரத்தம் எடுத்து, 20 நிமிடம் தொடாமல் வையுங்கள். பிறகு ஒரே ஒரு முறை சாய்த்துப் பாருங்கள். கட்டியாக நின்றால் உறைந்துவிட்டது; தண்ணீர்போல ஓடினால் உறையவில்லை, அதாவது ரத்தத்தை உறையவிடாத விஷம் ஏறியிருக்கிறது. எளிமையான சோதனைதான், ஆனால் கெடுவதற்கு வழிகள் நிறைய. கண்ணாடியின் பரப்புதான் உறைதலைத் தூண்டிவிடுகிறது. பிளாஸ்டிக் குழாயில் ஊற்றினால் ஆரோக்கியமானவர் ரத்தமும் உறையாமல் நிற்கும். சோப்புத்தூள் போட்டுக் கழுவிய கண்ணாடியிலும் இதே கதைதான். விளைவு, தேவையே இல்லாதவருக்கு விஷமுறிவு மருந்து ஏறும். உறைந்ததா என்று இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை தூக்கி ஆட்டிப் பார்ப்பதும் சோதனையைக் கெடுக்கும். குழாய்மேல் சந்தேகம் வந்தால், கடிபடாத ஒருவரின் ரத்தத்தை அதே மாதிரிக் குழாயில் எடுத்துப் பக்கத்தில் வைத்துவிடுங்கள்.

முதல் சோதனையில் உறைந்துவிட்டது என்று வீட்டுக்கு அனுப்பிவிடாதீர்கள். விஷம் மெதுவாகவும் ஏறும். 24 மணி நேரம் கண்காணிப்பில் வைத்து, சோதனையைத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும்.

நரம்பைத் தாக்கும் விஷத்துக்கு ரத்தச் சோதனை உதவாது. தலையை அசைக்காமல் மேலே பார்க்கச் சொல்லுங்கள். இமை சரிந்தே இருந்தால் அதுதான் முதல் எச்சரிக்கை. ஒரே மூச்சில் எத்தனை வரை எண்ண முடிகிறது என்று பார்த்து நேரத்தோடு எழுதி வையுங்கள். முதலில் 25 வரை எண்ணியவர் அடுத்த முறை 14-இல் நிறுத்தினால், மூச்சுத் தசைகள் தளர்கின்றன என்று அர்த்தம். ஆக்ஸிஜன் அளவு இறங்கட்டும் என்று காத்திருந்தால் காலம் கடந்துவிடும்.

இறுக்கிக் கட்டிய கயிறோடு வந்தால் சட்டென்று வெட்டக் கூடாது. தேங்கிய விஷம் ஒரேயடியாக உடலுக்குள் பாயலாம். சிரையில் மருந்து ஏற்றும் ஊசிக்குழாயைப் போட்டு, மருந்தையும் மூச்சுக்கு உதவும் கருவிகளையும் தயாராக வைத்த பிறகு மெதுவாகத் தளர்த்துங்கள். விஷமுறிவு மருந்துத் தூளைக் கரைக்கும்போது குலுக்கினால் நுரைத்துவிடும். குப்பியை உள்ளங்கைகளுக்கிடையே உருட்டுங்கள். ஒவ்வாமைக்கான அட்ரீனலின், பெரியவர்களுக்கு 0.5 மி.கி. தசையில், முன்கூட்டியே சிரிஞ்சில் ஏற்றிப் பக்கத்தில் இருக்க வேண்டும். குழந்தை என்பதால் விஷமுறிவு மருந்தைக் குறைக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பாம்பு எடை பார்த்து விஷத்தைச் செலுத்துவதில்லை. குழந்தைக்கும் அதே எண்ணிக்கைக் குப்பிகள்தான். கலக்கும் திரவத்தின் அளவைத்தான் குறைக்க வேண்டும்.

பிரசவ அறை செவிலியர்:

டாக்டர் சொன்ன அதே அவசரம் பிரசவத்துக்குப் பிந்தைய ரத்தப்போக்கிலும் உண்டு. குழந்தை பிறந்ததும் வயிற்றைத் தொட்டுப் பார்த்து, இரண்டாவது குழந்தை இல்லை என்று உறுதி செய்துகொண்டு, ஒரு நிமிடத்துக்குள் கர்ப்பப்பையைச் சுருங்கவைக்கும் ஆக்ஸிடோசின் 10 யூனிட் தசையில் போட வேண்டும். எல்லாருக்கும் தெரிந்ததுதான். பிசகுவது மருந்து இருக்கும் இடத்தில். ஜன்னலோர அலமாரியில் வாரக்கணக்கில் வெயில் வாங்கிய மருந்தும் பார்வைக்குத் தெளிவாகவே இருக்கும், ஆனால் வீரியம் போயிருக்கும். 2 முதல் 8 டிகிரிக்குள் இருந்ததா என்பதுதான் கேள்வி. குளிர்சாதன வசதி நம்பும்படி இல்லாத இடத்தில், ரத்தப்போக்கைத் தடுக்க மிசோபிரோஸ்டால் 600 மைக்ரோகிராம் வாய்வழி கொடுக்கலாம்.

ரத்தம் எவ்வளவு போனது என்பதில் கண்ணை நம்பாதீர்கள். கண் எப்போதும் குறைத்தே சொல்லும். துணியை எடைபோடுங்கள், காய்ந்த துணியின் எடையைக் கழித்தால், ஒரு கிராம் கிட்டத்தட்ட ஒரு மி.லி. மூத்திரப்பை நிறைந்திருந்தால் கர்ப்பப்பை சுருங்காது, எனவே முதலில் அதைக் காலி செய்யுங்கள். ரத்தக்கட்டி கரையாமல் காத்து ரத்தப்போக்கைக் குறைக்கும் டிரானெக்ஸாமிக் அமிலம் 1 கிராம், 10 நிமிடத்தில் மெதுவாகச் சிரை வழியாக. குழந்தை பிறந்து 3 மணி நேரத்துக்குள் போட்டால்தான் பலன். தாமதமாகும் ஒவ்வொரு 15 நிமிடத்துக்கும் பலன் ஏறக்குறைய 10 சதவீதம் குறைகிறது. அதனால் பெரிய மருத்துவமனையில் போட்டுக்கொள்ளட்டும் என்று விடாதீர்கள், வண்டி ஏற்றுவதற்கு முன்பே போடுங்கள்.

மருந்தாளுநர்:

சிஸ்டர் குளிர்ச்சி பற்றிச் சொன்னதால் இதையும் சேர்த்துக்கொள்கிறேன். எல்லாரும் சூட்டுக்குப் பயப்படுகிறார்கள். ஹெபடைடிஸ் பி, பென்டாவேலன்ட் (ஐந்து நோய்களுக்கான கூட்டுத் தடுப்பூசி), டெட்டனஸ் தடுப்பூசிகளுக்கு உறைந்துபோவதுதான் பெரிய ஆபத்து. குப்பியின் மேல் வட்டத்துக்குள் சதுரமாக இருக்கும் நிறம் மாறும் அடையாளம் (சூடு பட்டால் சதுரம் கறுக்கும்) சூட்டை மட்டும் காட்டும், உறைந்ததைக் காட்டாது. உள்சதுரம் வெளிறியிருப்பதைப் பார்த்து நல்ல மருந்து என்று முடிவுகட்டினால், உறைந்து செத்த மருந்தைக் குழந்தைக்குப் போட்டவர்களாவோம்.

முகாமுக்கு எடுத்துப் போகும்போதுதான் இது அதிகம் நடக்கும். ஐஸ் பேக்கை உறைபெட்டியிலிருந்து எடுத்த உடனேயே தடுப்பூசிப் பெட்டியில் அடுக்கக் கூடாது. மேசைமேல் பரப்பி வைத்து, அவ்வப்போது எடுத்துக் காதருகே ஆட்டிப் பாருங்கள். உள்ளே லேசாகத் தண்ணீர் சளசளக்கும் சத்தம் கேட்ட பிறகுதான் அடுக்க வேண்டும். கரன்ட் போனால் குளிர்பெட்டியைத் திறந்து திறந்து பார்க்காதீர்கள், மூடியே இருக்கட்டும். வெப்பநிலையை நாளுக்கு இரண்டு முறை எழுத வேண்டும், விடுமுறை நாளிலும்.

கிராம சுகாதாரப் பணியாளர்:

வீட்டு வாசலில் நடப்பதை நான் சொல்கிறேன். பேதிக்கு ஓ.ஆர்.எஸ். பொட்டலம் கொடுத்தால் வேலை முடிந்துவிடாது. ஒரு லிட்டருக்கான பொட்டலத்தை ஒரு டம்ளர் தண்ணீரில் கரைத்துவிடுகிறார்கள். உப்பு அளவுக்கு மீறி ஏறி, குழந்தைக்கு வலிப்பு வரைக்கும் போகலாம். "புரிஞ்சுதாம்மா?" என்று கேட்டால் தலையாட்டத்தான் செய்வார்கள். அவர்கள் வீட்டுப் பாத்திரத்திலேயே ஒரு லிட்டர் அளந்து ஊற்றி, தண்ணீர் நிற்கும் மட்டத்தில் கோடு போட்டுவிட்டு, அவர்களையே கரைக்கச் சொல்லுங்கள். கரைத்ததை 24 மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது. குழந்தை வாந்தி எடுத்தால் 10 நிமிடம் பொறுத்து, மறுபடி ஸ்பூனில் கொஞ்சம் கொஞ்சமாக. பேதி நின்ற பிறகும் துத்தநாக மாத்திரையை நிறுத்தக் கூடாது: 6 மாதத்துக்கு மேல் என்றால் தினம் 20 மி.கி., அதற்குக் கீழே 10 மி.கி., 10 முதல் 14 நாள் வரை. இதைத்தான் பாதியில் விட்டுவிடுகிறார்கள்.

இருமலோடு வரும் குழந்தைக்கு மூச்சை முழு ஒரு நிமிடம் எண்ணுங்கள். 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்கினால் கணக்கு தப்பும், குழந்தையின் மூச்சு ஒரே சீராக இருக்காது. அழுகை அடங்கி மடியில் இருக்கும்போது, சட்டையைத் தூக்கிவிட்டு எண்ண வேண்டும். 2 மாதத்துக்குக் கீழ் 60, அதற்கு மேல் ஒரு வயது நிறையும் வரை 50, ஒன்று முதல் ஐந்து வயதுக்குள் 40. இந்த எண்ணைத் தொட்டாலே வேகமான மூச்சுதான். மூச்சை இழுக்கும்போது கீழ் மார்பு உள்ளே குழிந்தால் காய்ச்சல் இல்லாவிட்டாலும் அசட்டையாக இருக்காதீர்கள்.

மருத்துவ அலுவலர்:

நோயாளியை மேல்சிகிச்சைக்கு அனுப்பும் கடிதம் பற்றி ஒன்று விட்டுப்போயிற்று. "முதலுதவி அளிக்கப்பட்டது" என்று எழுதினால் அங்கே இருப்பவருக்கு எதுவும் தெரியாது. கடித்த நேரம், ரத்தச் சோதனை செய்த நேரமும் முடிவும், எந்த மருந்து எவ்வளவு எத்தனை மணிக்குப் போனது, ரத்தம் எத்தனை மி.லி. என்று எண்களாக எழுதுங்கள். வண்டி கிளம்பும் முன் போன் செய்து, விஷமுறிவு மருந்தும் வென்டிலேட்டரும் அங்கே இப்போது இருக்கின்றனவா என்று கேளுங்கள். இல்லையென்றால் இன்னொரு மருத்துவமனைக்கு வண்டியைத் திருப்ப அப்போதுதான் நேரம் இருக்கும்.