மறுமொழி: ஷோலிங், ஸ்கூலிங் – இரண்டுக்கும் ஒரே சொல் போதுமா?

> இரண்டையும் 'மீன்கூட்டம்' என்றே சொல்லலாமே. வழக்கில் இருப்பதை ஏன் மாற்ற வேண்டும்?

வணக்கம் ஐயா,

வழக்குச் சொல்லை விடக்கூடாது என்பதில் எனக்கும் உடன்பாடுதான். ஆனால் ஆங்கிலத்தில் ஷோலிங் (shoaling), ஸ்கூலிங் (schooling) என்று சொல்லும் மீன்களின் செயலே இரண்டு.

என் தொட்டியில் ஜீப்ரா டானியோ என்ற கோடுபோட்ட சிறு மீன்கள் 12 இருக்கின்றன. சும்மா இருக்கும் நேரத்தில் ஒன்று ஃபில்டர் தண்ணீர் விழும் இடத்தில் எதிர்நீச்சல் போடும், இரண்டு துரத்தி விளையாடும், இன்னொன்று பாசியைக் கொத்தும். ஆனாலும் எதுவும் மற்றவற்றை விட்டு வெகுதூரம் போகாது. இது ஷோலிங். வலையை உள்ளே விட்டால் போதும், பன்னிரண்டும் நெருங்கிவிடும். தலையெல்லாம் ஒரே பக்கம், ஒரே வேகம், ஒரே திருப்பம். இது ஸ்கூலிங். வலையை எடுத்தால் மெல்லக் கலைந்து பழையபடி ஆகிவிடும். 'கூட்டம்' என்ற ஒரு சொல்லை வைத்துக்கொண்டு இந்த மாற்றத்தை எப்படி எழுதுவது?

புதிதாக மீன் வளர்ப்பவர்கள் "கூட்டமாகவே போகவில்லையே, நோயா?" என்று கேட்கிறார்கள். நோயில்லை, அச்சமில்லாமல் இருக்கின்றன என்று விளக்கவே எனக்கு இரண்டு சொல் தேவைப்படுகிறது.

மற்றவர்கள் முன்வைத்த சொற்களையும் பார்த்தேன். 'மந்தை' என்றால் பின்னால் ஒரு மேய்ப்பன் நிற்கிறான். மீன்களுக்கு அப்படி யாருமில்லை. பக்கத்து மீனைக் கண்ணாலும், நீரசைவை உணரும் உடலோர உறுப்பான பக்கக்கோட்டாலும் உணர்ந்துதான் ஒவ்வொன்றும் திரும்புகிறது. அம்மா ஒருவர் சொன்ன 'இனமீன்' சங்கப் பாடல்களிலேயே இருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த சொல். ஆனால் பாடநூல்களில் இன்று 'இனம்' உயிரின வகை என்ற வேறு பொருளில் நிலைத்துவிட்டதே! 'திரள்' என்றால் வெண்ணெய் திரள்வதுபோல் இறுகிய தோற்றம் வருகிறது. ஷோலிங்கில் அந்த இறுக்கம் கிடையாது.

என் பரிந்துரை: ஷோலிங் – குழுநீச்சல், ஸ்கூலிங் – அணிநீச்சல். வினையாகவும் எளிதில் வரும்: "டானியோக்கள் குழுமி நீந்தும், மிரண்டால் அணிவகுக்கும்." ஆறுக்குக் குறையாமல் வளர்த்தால்தான் நன்றாகக் குழுமும் என்பதையும் விளக்கத்தில் சேர்க்க வேண்டும். கடையில் ஜோடியாக வாங்கி வந்து, ஒன்று மற்றொன்றைத் துரத்தியே வாட்டுவதைப் பார்த்திருக்கிறேன்.

கூடவே இன்னொரு சொல். டானியோ கூடு கட்டாது; விடியற்காலையில் முட்டைகளைத் தண்ணீரில் சிதறவிடும், பிறகு தானே தேடித் தின்னும். அதனால் அடியில் கோலிகுண்டுகளைப் பரப்பி வைக்கிறேன். முட்டைகள் இடுக்கில் விழுந்து தப்பிவிடும். 28 டிகிரி வெப்பத்தில் இரண்டு மூன்று நாளில் பொரியும். விதை தூவுவதை நினைத்து இத்தகைய மீன்களை 'முட்டைதூவி' என்று எழுதி வருகிறேன். இதற்கு மறுப்பிருந்தால் சொல்லுங்கள் ஐயா.